வெற்றிக் கணக்கைக் காட்டி விசாரணையை மூடாதீர்கள்: ஒரு கல்லூரியின் அறங்காவலர் குழுவுக்குத் திறந்த மடல்

அறங்காவலர் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

உங்கள் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணித் தலைமைப் பயிற்சியாளருக்கு ஒப்பந்தத்தை நீட்டித்து டிசம்பரில் நீங்கள் வெளியிட்ட அறிவிப்பைப் படித்தேன். நெடுநாளைக்குப் பிறகு அணி தோல்விகளைவிட அதிக வெற்றிகள் பெற்றதும், பழைய மாணவர்களின் நன்கொடை கூடியதும், கடைசி ஆட்டத்தன்று அரங்கம் நிரம்பியதும் அதில் விரிவாக இருந்தன. ஆகஸ்ட் பயிற்சி முகாமில் ஒரு மாணவன் நினைவு தடுமாறி விழுந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டதும், அதைப் பற்றி நீங்களே ஒரு விசாரணைக்கு உத்தரவிட்டதும், அந்த விசாரணையின் முடிவு இன்றுவரை எந்தப் பெற்றோருக்கும் காட்டப்படாததும் அதில் ஒரு வரியாகக்கூட இடம்பெறவில்லை. அந்த மாணவனின் தாய் நான். தொழிலால் அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர். இந்த இரண்டு நிலையிலிருந்து பார்த்தாலும் உங்கள் அறிவிப்பை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இம்மடலின் ஆங்கில வடிவம் உங்கள் அலுவலகத்துக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கிறது. தமிழிலும் இதைப் பொதுவில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மேரிலாந்திலும் வர்ஜீனியாவிலும் நியூ ஜெர்சியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளில் சிலர் உயர்நிலைப் பள்ளியிலேயே இந்த ஆட்டத்துக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். கிரிக்கெட்டும் கபடியும் பார்த்து வளர்ந்த எங்களுக்கோ இதன் விதிகளே அரைகுறையாகத்தான் புரிகின்றன. ஆகவே மைதானத்தில் நடப்பது எல்லாமே ஆட்டத்தின் இயல்பு என்று எண்ணி, பயிற்சியாளர் சொன்னதே வேதம் என்று இருந்துவிடுகிறோம். அவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். முகாமின் தொடக்க நாட்களில் ஒரு நாள், காலைக் கூட்டத்துக்குச் சில மாணவர்கள் தாமதமாக வந்தார்கள் என்பதற்காக, மாலைப் பயிற்சி முடிந்த பிறகு மொத்தக் குழுவுக்கும் கேஸர் எனப்படும் ஓட்டம் தண்டனையாகக் கொடுக்கப்பட்டது. மைதானத்தின் அகலத்தை இப்புறமும் அப்புறமுமாக நிற்காமல் ஓடிக் கடப்பதுதான் கேஸர். என் மகன் எதிரணியைத் தடுத்து நிற்கும் அஃபென்சிவ் லைன் என்ற முன்வரிசையில் ஆடுபவன். அந்த வரிசைக்கு ஏற்ற பருத்த உடல்வாகு கொண்டவன். அதாவது, வெப்பம் உள்ளே சேர்ந்தால் எளிதில் வெளியேறாத உடல். ஓட்டத்தின் நடுவில் வாந்தி எடுத்தான். பிறகு கால் பின்னத் தொடங்கியது. மாணவர்களின் உடல்நலத்துக்குப் பொறுப்பான அத்லெட்டிக் டிரெய்னர் அவனை நிறுத்தச் சொன்னதாகவும், இந்தச் சுற்றை முடித்துவிட்டு வரட்டும் என்று தலைமைப் பயிற்சியாளர் சொன்னதாகவும், அருகில் ஓடிய மாணவர்கள் தனித்தனியாக என்னிடம் கூறியிருக்கிறார்கள். அவர்களின் பெயர்களை நான் எழுதப்போவதில்லை; விசாரணையாளரிடம் அவர்கள் கொடுத்த வாக்குமூலம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

விழுந்த பிறகு நடந்தவைதான் செவிலியராக என்னை இன்னும் உறுத்துகின்றன. தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்று கேட்டதற்கு அவன் தவறாகப் பதில் சொல்லியிருக்கிறான். வெயிலில் உழைத்த ஒருவரிடம் இந்தக் குழப்பம் தெரிந்தால் வேறு எதற்கும் காத்திருக்காமல் உடலைக் குளிர்விக்க வேண்டும் என்பது எங்கள் துறையில் பாலபாடம். அங்கே வெப்பநிலையை நெற்றியில் காட்டிப் பார்க்கும் கருவியால் அளந்திருக்கிறார்கள். வியர்த்து வழியும் தோலில் அந்தக் கருவி காட்டும் எண்ணை நம்பி முடிவெடுக்கக் கூடாது. வாய், காது, அக்குள் ஆகிய இடங்களில் எடுக்கும் அளவுக்கும் இதே குறை உண்டு. கடும் உழைப்பால் வரும் ஹீட் ஸ்ட்ரோக்கை, அதாவது உயிருக்கே ஆபத்தான வெப்பத் தாக்கை, உறுதிசெய்ய ஆசனவாய் வழி வெப்பமானி ஒன்றே நம்பகமானது, அது மைதானத்தில் இல்லை. குளிர்நீர்த் தொட்டி விளையாட்டுக் கூடத்தில் காலியாகக் கிடந்தது. ஐஸ் எடுக்க உணவுக்கூடச் சமையலறைக்கு ஆள் போனார். ஈரத் துண்டுகளைப் போர்த்தி, மின்விசிறியைத் திருப்பிவைத்து, ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தார்கள். எனக்கு முதலில் தகவல் சொன்னது கல்லூரி இல்லை; அவனுடன் ஆடும் ஒரு பையன் மைதானத்திலிருந்தே தொலைபேசியில் அழைத்தான்.

மகன் பிழைத்துக்கொண்டான். சிறுநீரகமும் கல்லீரலும் பட்ட பாட்டை இரத்தப் பரிசோதனை எண்களில் நானே பார்த்தேன். இப்போது வகுப்புகளுக்குப் போகிறான், அணியில் இல்லை.

முகாமுக்கு முன் நடந்த பெற்றோர் கூட்டத்தில் வெயிலைப் பற்றி நான் ஒரு கேள்வி கேட்டேன். உங்கள் குடும்பம் வெயில் நாட்டிலிருந்து வந்ததுதானே, உங்கள் பையனுக்கு இது பழக்கமாகத்தான் இருக்கும் என்று தலைமைப் பயிற்சியாளர் சிரித்தபடி பதில் சொன்னார். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். என் மகன் பிறந்தது பால்டிமோரில். மதுரை வெயிலை விடுமுறைக்குப் போகும்போது தாத்தா வீட்டு மின்விசிறிக்கு அடியில் இருந்து பார்த்தவன். வெப்பத்துக்கு உடல் பழகுவது பரம்பரைச் சொத்தாக வருவதில்லை. வெயிலில் படிப்படியாக உழைக்கும்போது இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகி, வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கி, இதயத் துடிப்பு அடங்க ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் பிடிக்கும். அந்தப் பழக்கம் விட்டுப்போனால் சில வாரங்களில் உடல் பழைய நிலைக்கே திரும்பிவிடும். மதுரையிலேயே பிறந்து வளர்ந்த நான்கூட குளிர்காலம் முழுவதும் குளிரூட்டிய மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு அந்த மைதானத்தில் ஓடினால் விழுந்துவிடுவேன். ஒரு தலைமைப் பயிற்சியாளருக்கு இது தெரியாமல் இருப்பது வேடிக்கைப் பேச்சாகக் கடந்துபோகக்கூடிய விஷயமில்லை. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ., கால்பந்து அணிகளின் ஆகஸ்ட் பயிற்சியில் முதல் 5 நாட்களைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்று 2003-லேயே விதி வகுத்தது இந்தக் காரணத்தால்தான்.

இப்போது உங்கள் முடிவுக்கு வருகிறேன். உங்கள் அறிவிப்பைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது மேரிலாந்துப் பல்கலைக்கழக அணியின் 2018 பருவம். நான் வாழும் மாநிலத்தில் நடந்தது அது. அப்போது வந்த செய்திகளை மருத்துவமனை ஓய்வறையில் நாங்கள் பேசிப்பேசியும் மனம் ஆறாமல் போயிருக்கிறோம். ஓர் ஆட்சிக்குழு எப்படித் தவறும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பதிவு எனக்குத் தெரிந்து வேறு இல்லை. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

ஜோர்டன் மெக்னேர் 19 வயது அஃபென்சிவ் லைன் ஆட்டக்காரர். 2018 மே 29 அன்று, இடைவேளைக்குப் பிறகு நடந்த முதல் குழுப் பயிற்சியில், 110 கெஜ ஓட்டங்களைப் பத்து முறை ஓட வேண்டியிருந்தது. கடைசி ஓட்டங்களில் அவர் தள்ளாடினார். சக ஆட்டக்காரர்கள் தாங்கிப்பிடிக்க முடித்தார். அறிகுறிகள் தொடங்கியதற்கும் ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டதற்கும் இடையே 1 மணி 39 நிமிடங்கள் ஓடிவிட்டன. மருத்துவமனையில் அவருடைய உடல் வெப்பநிலை 106 டிகிரி பாரன்ஹீட் இருந்தது. அவசரமாகக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்தும் ஜூன் 13 அன்று இறந்தார். விசாரணை நடத்திய டாக்டர் ராட் வால்டர்ஸ், மைதானத்தில் அவருடைய வெப்பநிலையை அளக்கவில்லை என்றும், குளிர்நீரில் அமிழ்த்தவில்லை என்றும் பதிவுசெய்தார். அமிழ்த்தாததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, அவ்வளவு பெரிய உடலைச் சிறிய உருவம் கொண்ட பணியாளர்களால் தொட்டியில் தாங்கிப் பிடிக்க முடியாமல் மூழ்கிவிடுவாரோ என்ற அச்சம். இதைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிட வியப்புதான் வந்தது. ஒரு படுக்கை விரிப்பை அக்குளுக்கு அடியில் சுற்றிப் பிடித்தால் எவ்வளவு பெரிய உடலையும் தொட்டியில் தாங்கலாம், ஒத்திகை பார்த்திருந்தால் எவருக்கும் தெரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 10 அன்று ஈ.எஸ்.பி.என். என்ற விளையாட்டுச் செய்தி நிறுவனம், அந்த அணியில் மாணவர்களை மிரட்டியும் அவமானப்படுத்தியும் வேலை வாங்கும் சூழல் இருந்ததாக விரிவான செய்தி வெளியிட்டது. மறுநாள் தலைமைப் பயிற்சியாளர் டி.ஜே. டர்கின் விடுப்பில் அனுப்பப்பட்டார். உடற்பயிற்சிப் பொறுப்பாளராக இருந்த ரிக் கோர்ட், 3,15,000 டாலர் பெற்றுக்கொண்டு விலகினார். ஆகஸ்ட் 14 அன்று பல்கலைக்கழகத் தலைவர் வாலஸ் லோ, தங்கள் பணியாளர்கள் செய்த தவறுகளுக்குச் சட்டப்படியும் அறத்தின்படியும் பல்கலைக்கழகமே பொறுப்பு என்று வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். உங்கள் கல்லூரியிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே எழுத்துபூர்வப் பதில், நடைமுறைகள் பின்பற்றப்பட்டன என்ற ஒற்றை வரி.

பருவம் தொடங்கியது. தற்காலிகப் பயிற்சியாளர் மாட் கனடாவின் கீழ் அணி செப்டம்பர் 1 அன்று டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை 34-29 என்று வென்றது. அன்று மேரிலாந்து தன் முதல் தாக்குதலுக்குப் பதினொரு பேருக்குப் பதிலாகப் பத்து பேரோடுதான் வந்து நின்றது. ஜோர்டன் நிற்க வேண்டிய இடம் காலியாக விடப்பட்டது. நேரம் கடத்தியதற்கான தண்டனையை நடுவர்கள் அறிவித்தார்கள். அதனால் தனக்குக் கிடைக்கும் சாதகத்தை டெக்சாஸ் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது. தகுந்த இடத்தில் தகுந்ததைச் செய்ய அந்த இளைஞர்களுக்கும் எதிரணிப் பயிற்சியாளருக்கும் தெரிந்திருந்தது. பருவம் முழுவதும் அவர்கள் ஒரு மரணத்தையும், இரண்டு விசாரணைகளையும், திரும்பி வருவாரா மாட்டாரா என்று தெரியாத ஒரு பயிற்சியாளரையும் சுமந்தபடி ஆடினார்கள். அக்டோபர் 27 அன்று இல்லினாய்ஸை 63-33 என்று வென்றபோது அவர்கள் கையில் ஐந்து வெற்றிகள் இருந்தன, மூன்று தோல்விகள்.

மூன்று நாள் கழித்து, அக்டோபர் 30 அன்று, மேரிலாந்துப் பல்கலைக்கழக அமைப்பின் ஆட்சிக்குழு டர்கின் பதவியில் தொடர வேண்டும் என்று அறிவித்தது. தலைவர் லோ தான் அடுத்த ஜூனில் ஓய்வு பெறப்போவதாகச் சொன்னார். இல்லினாய்ஸ் வெற்றிக்கும் இந்த முடிவுக்கும் தொடர்பு இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆட்சிக்குழு முடிவெடுத்தபோது அதன் மேசையில் இரண்டு அறிக்கைகள் இருந்தன என்பதைத்தான் சொல்கிறேன். அணியின் சூழலை ஆராய்ந்த இரண்டாவது அறிக்கை, ஈ.எஸ்.பி.என். பயன்படுத்திய ‘நச்சுச் சூழல்’ என்ற கடுமையான அடைமொழியை ஏற்கவில்லை. ஆனால் வாய்திறக்கப் பல மாணவர்கள் அஞ்சியதால் சிக்கல்கள் உள்ளுக்குள்ளேயே புரையோடின என்று எழுதியிருந்தது. இதைப் படித்த பிறகும், பயிற்சியாளர் மீது நியாயமில்லாமல் பழி போடப்பட்டது என்ற முடிவுக்கு அக்குழுவால் வர முடிந்தது. வயிற்றில் குத்தி முகத்தில் உமிழ்ந்ததைப் போல இருக்கிறது என்று ஜோர்டனின் தந்தை மார்ட்டின் மெக்னேர் செய்தியாளர்களிடம் சொன்னார். டர்கின் அணியைச் சந்தித்த கூட்டத்திலிருந்து சில ஆட்டக்காரர்கள் எழுந்து வெளியேறினார்கள். மாணவர் அமைப்பு போராட்டத்துக்கு நாள் குறித்தது. மாநில ஆளுநர் கண்டித்தார். அக்டோபர் 31 மாலை, ஆட்சிக்குழுவின் விருப்பத்தை மீறி, வாலஸ் லோ டர்கினைப் பணியிலிருந்து நீக்கினார். மறுநாள் ஆட்சிக்குழுத் தலைவர் ஜேம்ஸ் பிரேடி பதவி விலகினார்.

அணி அதற்குப் பிறகு ஓர் ஆட்டத்தில்கூட வெல்லவில்லை. நவம்பர் 17 அன்று ஓஹையோ ஸ்டேட் அணியிடம் கூடுதல் நேரத்தில் 52-51 என்று ஒரே புள்ளியில் தோற்றார்கள். பருவம் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி என்று முடிந்தது. ஒரு வெற்றி கூடியிருந்தால், பருவ முடிவில் தகுதி பெற்ற அணிகள் ஆடும் பவ்ல் ஆட்டத்துக்குத் தகுதி கிடைத்திருக்கும். அந்த மாணவர்கள் ஆடிய பருவத்தைப் பெரியவர்கள் கலைத்துப்போட்டார்கள் என்றே நான் கருதுகிறேன்.

பணக் கணக்கையும் பாருங்கள், ஏனென்றால் நன்கொடையைப் பற்றி எழுதிய குழு நீங்கள். டர்கினின் ஒப்பந்தத்தை முறிக்கப் பல்கலைக்கழகம் கொடுக்க வேண்டியிருந்த தொகை ஏறத்தாழ 55 லட்சம் டாலர். ஜோர்டனின் பெற்றோருடன் 2021 ஜனவரியில் எட்டப்பட்ட உடன்பாடு 35 லட்சம் டாலர். மகனை இழந்தவர்களுக்குக் கிடைத்ததைவிட வேலையை இழந்தவருக்குக் கிடைத்தது அதிகம். டர்கின் பிறகு மிசிசிப்பி, டெக்சாஸ் ஏ அண்டு எம், ஆபர்ன் ஆகிய பல்கலைக்கழகங்களில் உயர் பொறுப்புகளுக்குப் போனார். அவர் ஒருவர் மட்டுமே அந்த மரணத்துக்குக் காரணம் என்று எந்த விசாரணையும் சொல்லவில்லை என்பதையும் நேர்மையாகச் சேர்த்துக்கொள்கிறேன். என் கேள்வி தனிமனிதரைப் பற்றியது இல்லை. பயிற்சியாளரின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் குழு, கையெழுத்திடுவதற்கு முன் எதைப் பார்க்கிறது என்பதே கேள்வி.

மேரிலாந்து நிகழ்வில் நீங்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. ஜோர்டன் இறப்பதற்கு ஓராண்டுக்கு முன்பே, விளையாட்டு மருத்துவப் பணியாளர்களை விளையாட்டுத் துறையிலிருந்து பிரித்து மருத்துவக் கல்லூரியின் கீழ் கொண்டுபோகும் திட்டம் ஒன்று அங்கே முன்வைக்கப்பட்டதாகவும், அது ஏற்கப்படவில்லை என்றும் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் பின்னர் எழுதியது. நிறுத்து என்று சொல்ல வேண்டியவரின் சம்பளம், பதவி உயர்வு, ஒப்பந்தப் புதுப்பிப்பு எல்லாமே ஓடு என்று சொல்பவரின் கையில் இருந்தால் அந்தச் சொல்லுக்கு என்ன வலு இருக்கும்? கான்ஃபரன்ஸ் எனப்படும் பெரிய விளையாட்டுக் கூட்டமைப்புகளைச் சேர்ந்த பல்கலைக்கழகங்கள், மாணவர்களின் உடல்நலம் பற்றிய முடிவில் மருத்துவப் பணியாளரின் சொல்லே இறுதியானது, பயிற்சியாளர் அதில் தலையிட முடியாது என்று 2016-இலேயே என்.சி.ஏ.ஏ. விதியாக ஏற்றுக்கொண்டன. காகிதத்தில் உங்கள் கல்லூரியின் கையேடும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. நான் வரிவரியாகப் படித்தேன். ஆனால் அன்று மைதானத்தில் நிறுத்தச் சொன்ன டிரெய்னர், அந்தப் பருவம் முடிந்ததும் உங்கள் கல்லூரியில் இல்லை. அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்று அறிகிறேன். சுற்றை முடிக்கட்டும் என்று சொன்னவருக்கு ஒப்பந்தம் நீண்டிருக்கிறது. இதிலிருந்து அடுத்து அந்தப் பணிக்கு வருபவர் என்ன கற்றுக்கொள்வார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இது பெரும் செலவு பிடிக்கிற விஷயமாக இருந்திருந்தால்கூட உங்கள் தயக்கத்தைப் புரிந்துகொள்ள முயன்றிருப்பேன். தேவைப்படுவது ஒரு தொட்டி, தண்ணீர், ஐஸ், ஒரு வெப்பமானி, அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த இரண்டு பேர். மினசோட்டா வைக்கிங்ஸ் என்ற தொழில்முறைக் கால்பந்து அணியின் ஆட்டக்காரர் கோரி ஸ்டிரிங்கர் 2001 ஆகஸ்ட் 1 அன்று ஹீட் ஸ்ட்ரோக்கால் இறந்த பிறகு, அவர் பெயரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது ஒன்றே: முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். விழுந்த அரை மணி நேரத்துக்குள் வெப்பநிலையைப் பாதுகாப்பான அளவுக்கு இறக்கிவிட்டால் அநேகமாக எல்லோரும் பிழைக்கிறார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபால்மத் சாலை ஓட்டப் போட்டியில் 18 ஆண்டுகளில் பதிவான 274 ஹீட் ஸ்ட்ரோக் நோயாளிகளுக்குக் குளிர்நீரில் அமிழ்த்தி சிகிச்சை தரப்பட்டதில் ஒருவர்கூட இறக்கவில்லை. கடற்கரை ஊரில் நடக்கும் ஒரு போட்டியின் மருத்துவக் கூடாரத்தில் இருப்பது, ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களிடம் பெருந்தொகை வாங்கும் உங்கள் கல்லூரியின் மைதானத்தில் இல்லை.

மேரிலாந்து மாநிலம் 2021-இல் ஜோர்டன் மெக்னேர் பெயரில் ஒரு சட்டம் இயற்றி, வெப்ப நோய்கள், தலைக்காயம், கடும் உழைப்பால் வரும் தசைச்சிதைவு ஆகியவற்றைத் தடுக்கவும், ஆட்டக்காரர்கள் எப்போது மைதானத்துக்குத் திரும்பலாம் என்று தீர்மானிக்கவும் பல்கலைக்கழகங்கள் விதிமுறைகள் வகுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அச்சட்டம் அந்த மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமே உரியது. உங்களுடையது அண்டை மாநிலத்துத் தனியார் கல்லூரி. ஆகவே எந்த வகையிலும் அது உங்களைக் கட்டாது. சட்டம் கட்டாத இடத்தில் அறங்காவலர்களைத் தவிர வேறு யாரிடம் போய் நான் கேட்க முடியும்?

இளைஞர்கள் கடுமையாகப் பயிற்சி பெறக் கூடாது என்று நான் வாதிடவில்லை. உடலை வருத்தாமல் இந்த ஆட்டம் இல்லை என்பதை என் மகனே எனக்குக் கற்றுக்கொடுத்தான். அவன் இன்றும் தன் பயிற்சியாளரை வெறுக்கவில்லை. அம்மா, இதை எழுதாதே என்றுகூடக் கேட்டான். அணிக்குத் துரோகம் செய்கிறோமோ என்ற அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். அதே தயக்கம்தான் விசாரணையாளரிடம் பல மாணவர்களைப் பாதி உண்மையோடு நிறுத்தியிருக்கும் என்றும் அஞ்சுகிறேன். ஆட்டத்தில் இடம், பயிற்சியாளரின் பரிந்துரைக் கடிதம், நண்பர்களின் மதிப்பு எல்லாவற்றையும் ஒருவரின் கையில் வைத்துவிட்டு, உங்களுக்குக் குறை இருந்தால் அவரிடமே சொல்லுங்கள் என்று ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் சொல்வது முறையாகாது. வெற்றிகள் கூடிய பருவத்தில் அந்தப் பிள்ளையின் வாய் இன்னும் இறுகத்தான் மூடும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

ஆகஸ்ட் நிகழ்வு பற்றிய விசாரணை அறிக்கையை, மாணவர்களின் பெயர்களை மட்டும் நீக்கிவிட்டு, முழுமையாக வெளியிடுங்கள். என் மகனின் மருத்துவ விவரங்கள் அதில் இருப்பதைக் காரணம் காட்ட வேண்டாம். அவற்றை வெளியிட அவன் எழுத்துபூர்வமாக ஒப்புதல் தந்து, அது உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. மகன் எழுதாதே என்று சொன்னது மடலைப் பற்றித்தான். அறிக்கை வெளிவர வேண்டும் என்பதில் அவனுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அறிக்கை வெளிவந்து, பெற்றோரும் மாணவர்களும் அதைப் படித்துக் கேள்வி கேட்க ஒரு பொதுக்கூட்டம் நடக்கும்வரை, தலைமைப் பயிற்சியாளரின் ஒப்பந்த நீட்டிப்பை நிறுத்திவையுங்கள். அவரை நீக்குங்கள் என்று நான் கேட்கவில்லை; அந்த முடிவுக்கு வேண்டிய ஆதாரம் உங்களிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. புதிய ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாகுமானால், மருத்துவப் பணியாளரின் நிறுத்தும் உத்தரவை மீறுவது பணிநீக்கத்துக்கும் இழப்பீடு மறுப்புக்கும் உரிய குற்றம் என்ற விதி அதில் இருக்க வேண்டும்.

அத்லெட்டிக் டிரெய்னர்களையும் அணி மருத்துவரையும் விளையாட்டுத் துறையிலிருந்து பிரித்து, கல்லூரி மருத்துவ மையத்தின் கீழ் கொண்டுவாருங்கள். அவர்களை நியமிப்பதிலோ மதிப்பிடுவதிலோ எந்தப் பயிற்சியாளருக்கும் பங்கு இருக்கக் கூடாது. அன்று பணியில் இருந்த டிரெய்னரின் ஒப்பந்தம் ஏன் புதுப்பிக்கப்படவில்லை என்பதை, அவர் சம்மதித்தால், எழுத்தில் விளக்குங்கள். காரணம் அந்த மாலையோடு தொடர்புடையது என்றால் அவரைத் திரும்ப அழையுங்கள்.

கோடைப் பயிற்சி உள்பட எந்தப் பயிற்சியும், நீரும் ஐஸும் நிரப்பிய தொட்டியும் முறையான வெப்பமானியும் மைதான ஓரத்தில் இருக்கின்றன என்று டிரெய்னர் கையொப்பமிட்ட பிறகே தொடங்க வேண்டும். ஜோர்டன் மெக்னேர் விழுந்தது ஆகஸ்ட் முகாமில் இல்லை, மே மாதத்து முதல் பயிற்சியில் என்பதை நினைவில் வையுங்கள். தொட்டியில் ஒருவரை இறக்கிப் பிடிக்கும் ஒத்திகையை ஒவ்வொரு பருவத்துக்கும் முன், அணியிலேயே மிகப் பெரிய உடல் கொண்டவரை வைத்து நடத்துங்கள். தண்டனைக்காக ஓடவைப்பதை அடியோடு விலக்குங்கள்.

மாணவர்கள் விளையாட்டுத் துறையைத் தாண்டி, நேரடியாக உங்கள் குழு நியமிக்கும் வெளியாள் ஒருவரிடம் முறையிட வழி செய்யுங்கள். முறையிட்டவரின் ஆட்ட நேரமோ உதவித்தொகையோ குறைந்தால் அதற்கான காரணத்தை விளையாட்டுத் துறை அவரிடம் எழுத்தில் தர வேண்டும்.

இவற்றுக்கான பதிலை உங்கள் அடுத்த குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் பதிவுசெய்து, கோடைப் பயிற்சி தொடங்குவதற்கு முன் எல்லாப் பெற்றோருக்கும் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அணியில் ஆடிய ஒரு மாணவனின் தாய்,
மேரிலாந்து